வியாசர்பாடியில் நீங்கள், டாலஸில் கார், நிற்கும் டியூ

தம்பி, அப்பாவின் ஆபரேஷனுக்காகச் சம்பளமில்லா லீவில் வியாசர்பாடி வந்திருக்கிறீர்கள். கார் லோனில் இரண்டு டியூ தவறிவிட்டது, கார் டாலஸ் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கிறது. "சீஸ் பண்ண ஆள் வந்தால் ரூம்மேட்டைப் பேசச் சொல்லட்டுமா, இல்லை வண்டியை வேறு எங்காவது கொண்டுபோய் விடச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம்.

நானும் தண்டையார்பேட்டைதான். நம் பக்கம் வண்டி தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவன். மின்ட் பக்கம் ஷேர் ஆட்டோவை மடக்கிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். ஏரியாவில் நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் வருவார். டீக்கடை ஓரம் பேச்சு நடக்கும். ஒரு டியூவைக் கையில் கொடுத்து மீதிக்குத் தேதி சொன்னால் சாவி திரும்பி வரும். டெக்சஸில் அந்தப் பேச்சுக்கு ஆளே கிடையாது. ராத்திரி ஒரு டோ டிரக் ரிவர்ஸில் வரும். டிரைவர் கீழே இறங்கக்கூட மாட்டார். டிரக்குக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கை கார் சக்கரத்துக்கு அடியில் போய்க் கவ்வும், தூக்கும், கிளம்பிவிடும். நான் ஹூஸ்டனில் என் வீட்டு மாடியிலிருந்தே பார்த்திருக்கிறேன். கீழே ஓடி வருவதற்குள் முடிந்துவிடுகிறது. அந்த டிரைவரிடம் கெஞ்சியும் பயனில்லை, தவணை தள்ளிவைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

டெக்சஸில் இதற்குக் கோர்ட் ஆர்டர் தேவையில்லை, முன்கூட்டி நோட்டீஸும் தேவையில்லை. ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் ஒரு டியூ தவறினாலே போதும். எடுக்க வருகிறவர்கள் அடிதடி, மிரட்டல், பூட்டிய கராஜை உடைப்பது, இவைதான் செய்யக் கூடாது. வண்டியை ஒளித்து வைப்பதோ வேறு விஷயம். கடன் கொடுத்தவர் கைக்குக் கிடைக்காமல் செய்வது அங்கே கிரிமினல் கேஸாகவே போகலாம். விசாவில் இருக்கும் உங்களுக்கும் அந்த ரூம்மேட்டுக்கும் அது எதற்கு?

"சரி, எடுத்துக்கொண்டு போகட்டும், கடன் தீர்ந்தது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். தீராது, தம்பி. உதாரணத்துக்கு, பாக்கி 18,000 டாலர் என்று வையுங்கள். ஏலத்தில் 11,500க்குப் போகிறது. இழுத்த கூலி, எடுத்த வண்டியை நிறுத்தி வைக்கும் யார்டு வாடகை எல்லாம் சேர்த்து 700. அப்போது 7,200 டாலர் உங்கள் தலையில் நிற்கும், கார் இருக்காது. நீங்களாகவே சாவியை ஒப்படைத்தாலும் கூலிதான் கொஞ்சம் மிச்சம், பாக்கி பாக்கிதான். கிரெடிட் ரிப்போர்ட்டில் 7 வருஷம் கிடக்கும்.

எனக்கு மனசு கேட்காத இடம் உங்கள் மாமா. கிரெடிட் ஹிஸ்டரி இல்லாத உங்களுக்காக அவர் கோ-சைன் போட்டிருக்கிறார். அந்த 7,200ஐ முழுசாக அவரிடமே கேட்கலாம், அவர் ரிப்போர்ட்டும் கெடும். நம் ஊரில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு விஷயம் தெரியாது என்கிறீர்கள். லெட்டர் போய்த் தெரிய வேண்டாம், நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் லோன் கம்பெனியைக் கூப்பிடுங்கள். இங்கே ராத்திரி எட்டரை, ஒன்பதுக்கு மேல் என்றால் அங்கே காலை. அவர்களுடைய 800 நம்பர் (இலவச அழைப்பு எண்) இங்கிருந்து கிடைக்காவிட்டால் அவர்கள் வெப்சைட்டிலேயே மெசேஜ் போடுங்கள். அப்பாவின் ஆபரேஷனைச் சொல்லி டிஃபெர்மென்ட் கேளுங்கள். தவறிய டியூவை லோன் கடைசிக்குத் தள்ளுவது அது. வட்டி ஓடும், ஆனால் வண்டி உங்களிடமே நிற்கும். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி விட்டுவிட வேண்டாம்.

திரும்பிப் போவது உறுதியில்லை என்றால், எடுப்பதற்கு முன்பே விற்பதுதான் லாபம். பே-ஆஃப் தொகை, அதாவது கடனை முழுசாக முடிக்கக் கட்ட வேண்டியது, எவ்வளவு என்று கேட்டு வாங்கி, டீலர்களிடம் விலை கேளுங்கள். ஏல விலையைவிட அநேகமாகக் கூடத்தான் கிடைக்கும். எடுத்த பிறகு மீட்பதென்றால் டியூ மட்டும் கட்டினால் போதாது, பொதுவாக முழுக் கடனும் செலவும் கேட்பார்கள்.

ரூம்மேட்டுக்கு இரண்டு வேலை கொடுங்கள். தினமும் உங்கள் மெயில்பாக்ஸைப் பார்க்கட்டும், ஏலத்துக்கு முன் அனுப்ப வேண்டிய லெட்டர் அங்கேதான் வரும். காருக்குள் இருக்கும் பேப்பர், லேப்டாப் பையை இன்றைக்கே வீட்டுக்குள் எடுத்து வைக்கட்டும். அவை உங்கள் சொத்து, கடன் கொடுத்தவர் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் யார்டுக்கு அலைந்து திரும்ப வாங்குவது பெரும்பாடு.

கம்பெனி என்ன சொன்னது என்று எழுதுங்கள். லெட்டர் வந்தால் பெயர், அக்கவுண்ட் நம்பரை மறைத்துவிட்டு அனுப்புங்கள், நானும் படித்துப் பார்க்கிறேன்.