குப்பை எரிக்கும் உலைக்கு அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) அதிகமுள்ள தீச்செங்கல் மட்டும் போதுமா?

போதாது. உலைக்குள் வெப்பம் பெரும்பாலும் 850 முதல் 1,100 டிகிரி செல்சியஸ்தான். அதைச் சாதாரணத் தீச்செங்கலே தாங்கிவிடும். உண்மையான எதிரி குப்பையிலிருந்து வரும் சோடியம், பொட்டாசியம், குளோரின். இவை செங்கலின் நுண்துளைகளுக்குள் புகுந்து, புதுச் சேர்மங்களாகி, உப்பி, மேற்பரப்பை உரித்துவிடும். அதனால் அலுமினா சதவீதத்தோடு நுண்துளைகளின் சதவீதத்தையும் கேளுங்கள், நுண்துளை குறைவாக இருப்பதே நல்லது.

கசடு (உருகிய சாம்பல்) ஒட்டும் சுவர்ப்பகுதிக்கு என் தேர்வு சிலிக்கான் கார்பைடு. கசடு அதில் எளிதில் ஒட்டாது, தேய்மானமும் குறைவு. ஆனால் நீராவி மிகுந்த சூட்டில் அது மெல்ல ஆக்சிஜனேற்றமடைந்து வீங்கும். வெப்பத்தையும் வேகமாகக் கடத்தும் என்பதால் பின்னால் வெப்பக்காப்புச் செங்கல் வேண்டும். கொதிகலன் குழாய்ச் சுவரென்றால் வெப்பம் குழாய் நீருக்குப் போக வேண்டும், அங்கே அந்தக் கடத்தல்தான் லாபம்!

அப்புறம், செங்கலுக்குப் பதில் வார்ப்புக் கலவை (தண்ணீர் விட்டுக் குழைத்து இறுகவிடும் தீத்தாங்கு கலவை) பூசினால் முதல் சூடேற்றத்தில் அவசரம் வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் நீராவியாகி வெடித்துவிடும்.