ரோபோகோடில் பீரங்கி தேவையில்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறதா?

ரோபோகோட் என்பது நிரல் எழுதி டாங்கிகளை மோதவிடும் விளையாட்டு. உங்கள் நிரலில் கோணத்தை 180 டிகிரிக்குள் சுருக்காமல் அப்படியே செட்டர்ன்கன்ரைட்டுக்கு (பீரங்கியை வலப்பக்கம் திருப்பும் கட்டளை) கொடுத்திருக்கிறீர்கள். எதிரி வடக்குப் பக்கம் வந்தால் மட்டும் பீரங்கி பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றுகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் வரி: ஹெடிங் (வடக்கிலிருந்து டாங்கி பார்க்கும் கோணம்) + பேரிங் (டாங்கியின் முகத்திலிருந்து எதிரி இருக்கும் கோணம்) - பீரங்கியின் கோணம். அதில் எண்களைப் போட்டுப் பாருங்கள். டாங்கியின் ஹெடிங் 10, எதிரியின் பேரிங் -15, பீரங்கி 350-இல் நிற்கிறது. 10 - 15 - 350 = -355. வலப்பக்கம் 5 டிகிரி திரும்பினால் போதும். ஆனால் பீரங்கி இடப்பக்கமாக 355 டிகிரி போகிறது. பீரங்கி ஒரு டர்னுக்கு (ஆட்டத்தின் ஒரு காலப்படி) 20 டிகிரிதான் திரும்பும், ஆக 18 டர்ன் வீண். அதற்குள் எதிரி ஒன்றிரண்டு குண்டு போட்டுவிடுவான்.

அந்தக் கணக்கு முழுவதையும் யூட்டில்ஸ் வகுப்பில் உள்ள நார்மல்ரிலேட்டிவ்ஆங்கிள்டிகிரீஸ் என்ற மெத்தடுக்குள் போடுங்கள். கோணத்தை டிகிரியில் இல்லாமல் ரேடியனில் எழுதியிருந்தால், அதே பெயரில் டிகிரீஸ் என்று முடியாத மற்ற மெத்தடைப் போடுங்கள். இரண்டையும் கலந்தால் தொலைந்தது. நானே ஒரு ராத்திரி முழுக்க அப்படி அலைந்திருக்கிறேன்.

சரிபார்க்க, திரும்பும் கோணத்தை ஒவ்வொரு ஸ்கேனிலும் (ரேடார் எதிரியைப் பார்க்கும்போதெல்லாம்) அச்சிடுங்கள். 180-ஐத் தாண்டி எதுவும் வரக்கூடாது, மைனஸ் பக்கமும் அப்படியே. முதல் 30 டர்ன் சுடாவிட்டால் பதற வேண்டாம், ஆரம்பத்தில் பீரங்கிச் சூடு 3, டர்னுக்கு 0.1 தான் தணியும், அது பூஜ்யம் ஆனால்தான் சுட முடியும்.

அப்புறம் ஒன்று: இதைச் சரிசெய்தாலும் ஓடுகிற எதிரி தப்புவான். பவர் 3 குண்டின் வேகம் டர்னுக்கு 11 பிக்சல்தான், டாங்கி 8-இல் ஓடும். 400 பிக்சல் தள்ளி இருப்பவனை இப்போது நிற்கும் இடத்தில் குறிவைத்தால், குண்டு போய்ச்சேர 36 டர்னுக்கு மேல் ஆகிவிடும், அதற்குள் அவன் நகர்ந்துவிடுவான்.