40 நாள் பேக்கேஜுக்கு முன்னால் ஒரு கழிப்பறை நாற்காலி

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து அழைத்து வந்துவிட்டோம். எங்கள் வீட்டில் தரையோடு பதித்த இந்தியன் கழிப்பறைதான். ஒரு ஏஜென்சிக்காரர் தானாகவே போன் செய்து, 40 நாளைக்கு நர்ஸ் அனுப்புகிறோம், எண்ணெய் மசாஜ், வேது, சாம்பிராணி, வயிற்றுக்கட்டு, லேகியம் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய், பாதி முன்பணம் என்கிறார். தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு போட்டுவிடும், தையலில் சீழ் பிடிக்கும் என்கிறார் என் மாமியார். எதைச் செய்வது, எதை விடுவது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள் அம்மா. ஏஜென்சி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன கழிப்பறைதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி.

சுகப்பிரசவம் என்றாலும் தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் தையல் இருக்கும். குத்தவைத்து உட்காரும்போது அந்தத் தையல் விரிந்து இழுபடும். சிசேரியன் என்றால் உட்கார்ந்து எழும்போது அடிவயிறு இழுக்கும். வலிக்குப் பயந்து பெண் மலத்தை அடக்குவாள், அது கெட்டிப்படும், பிறகு முக்குவாள், மூலம் வெளியே வரும். பல வீடுகளில் இரண்டாவது வாரத்து அழுகைக்குக் காரணம் இதுதான்.

சர்ஜிகல் கடைகளில் கமோடு நாற்காலி கிடைக்கும்; வாடகைக்கும் தருவார்கள். அடியில் இருக்கும் வாளியை எடுத்துவிட்டு, இந்தியன் கழிப்பறைக்கு நேர் மேலே வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். கால்களில் ரப்பர் தேயாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈர டைல்ஸில் வழுக்கும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும். தொங்கினால் ஒரு மணையைப் போடுங்கள். வலி கண்ட பிறகு இதற்காகக் கடைக்கு ஓட முடியாது, இந்த வாரமே வாங்கிப் போட்டு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மலம் இளக, மருத்துவர் எழுதிய மருந்தோடு இரவில் இரண்டு தேக்கரண்டி இசப்கோல், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும்.

கீழே தையல் போட்டிருந்தால் முதல் நாள் மட்டும் துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம். மறுநாளிலிருந்து அகலமான டப்பில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, இடுப்பு முங்க 10 முதல் 15 நிமிடம், தினமும் இரண்டு மூன்று முறை. டெட்டால் வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். மஞ்சள் தூளும் வேண்டாம். முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும்.

இனி தண்ணீர். பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கினால் அதிலேயே நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு உடம்பிலிருந்து போகும். போதாததற்கு, கர்ப்பத்திலும் பிரசவமாகி ஆறு வாரம் வரையிலும் இரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். தண்ணீரையும் குறைத்து, எழுந்து நடக்கவும் விடாமல் படுக்க வைத்தால், காலில் இரத்தம் கட்டியாக உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். அது ஆளைக் கொல்லும். வயிறு போடுவதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை. கர்ப்பப்பை சுருங்கவே ஆறு வாரம் ஆகும், விலகிய வயிற்றுத் தசை கூட இன்னும் நாளாகும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர், நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர். சீரகத் தண்ணீராகவோ சுக்கு தட்டிப் போட்டோ வெதுவெதுப்பாகக் கொடுங்கள், மாமியாருக்கும் மனம் ஆறும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கர்ப்பத்தில் பி.பி. ஏறியிருந்தவர்களுக்கும் இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ‘குறைவாகக் குடி’ என்று சொன்னால் விடாதீர்கள், எத்தனை மில்லி என்று கேளுங்கள். பி.பி. விஷயத்தில் பலரும் ஏமாறுவது இங்கேதான்: குழந்தை பிறந்ததும் பி.பி. இறங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். அது பிரசவமான மூன்றிலிருந்து ஆறாவது நாளுக்குள்தான் அதிகம் ஏறும். கர்ப்பத்தில் ஒருநாள்கூட ஏறாதவர்களுக்கும் ஏறலாம். நம் ஆஸ்பத்திரிகளோ சுகப்பிரசவமானவர்களை இரண்டாம் மூன்றாம் நாளே, சரியாக ஏறப்போகும் நேரத்தில், வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. டிஸ்சார்ஜ் காகிதத்தில் எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்து. அதைத் தமிழில் இரண்டு நிமிடம் விளக்க அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை. லேகியத்துக்கு வைத்திருக்கும் பணத்தில், மேல் கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. கருவி ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, முதல் பத்து நாள் காலையும் மாலையும் பாருங்கள். 140/90 தொட்டால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 160/110 என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். விடாத தலைவலி, கண்ணில் மின்னுவது, மேல்வயிற்று வலி இருந்தாலும் அப்படியே.

பேக்கேஜுக்கு வருவோம். மகளின் பிரசவத் தேதி அந்த ஏஜென்சிக்கு எப்படித் தெரிந்தது என்று முதலில் கேளுங்கள். ஸ்கேன் சென்டரிலோ ஆஸ்பத்திரியிலோ யாரோ நம்பரை விற்றிருப்பார்கள். அந்தக் கமிஷனும் உங்கள் 45,000-க்குள்தான் இருக்கிறது. ‘நர்ஸ்’ என்றால் தமிழ்நாடு நர்சுகள், மிட்வைஃப்கள் கவுன்சிலின் பதிவு எண் காட்டட்டும். வெள்ளைக் கோட்டு யாரும் தைத்துக்கொள்ளலாம்.

வேது என்ற பெயரில் கொதிக்கும் நீரை வயிற்றில் வீசி அடிப்பது கூடவே கூடாது. சிசேரியன் தையலைச் சுற்றி உணர்ச்சி மரத்திருக்கும், தோல் வெந்தாலும் தெரியாது. வயிற்றுக்கட்டு, நடக்கும்போது மட்டும், இரண்டு விரல் நுழையும் தளர்வில் இருக்கலாம். இறுக்கிக் கட்டினால் தளர்ந்திருக்கும் கர்ப்பப்பையைக் கீழே தள்ளும். முதுகு, கை, காலுக்கு எண்ணெய் தேய்க்கலாம், வயிற்றுக்கு வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அந்தக் காலை நீவவே விடாதீர்கள், உறைந்த கட்டி நகர்ந்துவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளைக்கு மூக்கில், காதில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் அதே ஆட்கள் கூடுதலாகச் செய்யும் ‘சேவை’, வாசலிலேயே மறுத்துவிடுங்கள். மூடிய அறையில் சாம்பிராணிப் புகை பிள்ளைக்கு ஆகாது. மகளின் தலையைத் துண்டால் துவட்டி ஃபேனில் உலர்த்தினால் போதும். லேகியம் வீட்டில் கிண்டியதென்றால் நெல்லிக்காய் அளவு சாப்பிடட்டும், சர்க்கரை இருந்த பெண்ணுக்கு அதுவும் வேண்டாம். உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

பால் பவுடர் டப்பாவை வார்டிலேயே ஒருவர் நீட்டுவார். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விளம்பரத்தைத் தடை செய்திருக்கிறது, ஆனாலும் நடக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும்; பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, சமைக்க, துணி துவைக்க ஒரு ஆளை வாரக் கூலிக்கு வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர் வேண்டாம். இரவில் பால் குடித்த பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டால் மகள் தூங்குவாள். எந்த லேகியமும் அதற்கு ஈடில்லை. பால் கொடுப்பவளுக்குத் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும், அதாவது ஒரு வேளைச் சாப்பாடு அதிகம். பூண்டு, முருங்கைக்கீரை, மத்தி, நெத்திலி, முட்டை, பருப்பு எல்லாம் பத்தியத்துக்கு ஒத்துவரும். சுறாப்புட்டை மட்டும் குறையுங்கள், பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் 180 நாள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. காபியோடும் வேண்டாம்.

நாப்கின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்று முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல் 100.4 தாண்டினாலோ, தீட்டில் நாற்றம் அடித்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் கிளம்புங்கள்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் மருந்து, இரத்தம், சாப்பாடு, வீடு வரை 102 வண்டி எல்லாம் இலவசம். ஆண் பிள்ளைக்கு இவ்வளவு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு என்று வார்டில் கை நீட்டுவது வெட்கக்கேடு. கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு பிக்மி எண்ணும் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த எண்) மகள் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும். ‘சீக்கிரம் வாங்கித் தருகிறேன்’ என்கிற புரோக்கருக்கு அதில் எந்த வேலையும் கிடையாது. பதிவு புகுந்த ஊரில் இருந்தால், மகள் இங்கே வந்திருப்பதை உங்கள் பகுதிச் செவிலியரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டியவர் அவர்.

மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுவாள். திட்டாதீர்கள், சில நாளில் தணியும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லாமல், பிள்ளையைப் பார்க்கப் பிடிக்காமல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செத்துவிடலாம் என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ பேசினால் தனியாக விடாமல் அன்றே அழைத்துப் போக வேண்டும். நடுராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசலாம், கட்டணம் கிடையாது.