சக்கரமா, பனியா? ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகப் போட்டிகள் பற்றிக் கேள்வி பதில்

எட்டு வயதில் நாலு சக்கர ஸ்கேட்டை மாட்டியவள் நான். மாநிலப் போட்டியோடு என் ஓட்டம் நின்றுபோனது, இப்போது அண்ணா நகர்ப் பக்கம் காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளை ஓட வைத்துக்கொண்டிருக்கிறேன். பனியில் இதுவரை ஒரு அடிகூட வைத்ததில்லை, ஆனால் பனிப் போட்டிகளை ராத்திரி முழித்துப் பார்க்கிற பைத்தியம் உண்டு. கேட்டதற்கெல்லாம் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

கேள்வி (பெரம்பூர்): மேடம், 2025-ல் ஆனந்த்குமார் வேல்குமார் உலக சாம்பியன் ஆனாரே, குளிர்கால ஒலிம்பிக்கில் பனியில் ஓடுவார்களே, அதுவா இது?

இல்லைங்க, இது சக்கரம். இன்லைன் என்று சொல்வோம், ஒரே வரிசையில் மூன்றோ நாலோ சக்கரம். சீனாவில் பெய்தைஹேயில் நடந்த உலகப் போட்டி அது. நம் தமிழ்நாட்டுப் பையன் 1000 மீட்டர் ஸ்பிரிண்டில் தங்கம், 500 மீட்டரில் வெண்கலம், அதோடு 42 கிலோமீட்டர் மராத்தானிலும் தங்கம். வேக ஓட்டத்திலும் ஜெயித்து மராத்தானிலும் ஜெயிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊரில் யாரும் சரியாகப் பேசவே இல்லை என்பது என் வருத்தம். அந்த வருடம் செங்டுவில் நடந்த உலக விளையாட்டுகளிலும் 1000 மீட்டரில் வெண்கலம் வாங்கியிருந்தார். 2021-ல் கொலம்பியாவில் ஜூனியர் பிரிவில் வெள்ளி வாங்கியதும் அவர்தான். திடீரென்று முளைத்தவர் இல்லை.

கேள்வி (வேளச்சேரி): அக்கா, அவர் 1000 மீட்டரை 1 நிமிடம் 24 வினாடியில் முடித்தார் என்று படித்தேன். பனியில் அமெரிக்க வீரர் ஜோர்டான் ஸ்டோல்ஸ் 1 நிமிடம் 5 வினாடி. அப்படியென்றால் சக்கரம் அவ்வளவு மெதுவா?

நல்ல கேள்வி, எங்கள் பிள்ளைகளே இதைக் கேட்பார்கள். இரண்டும் வேறு ஓட்டம் தம்பி. ஸ்டோல்ஸ் 2024 ஜனவரியில் சால்ட் லேக் சிட்டியில் 1:05.37 ஓடியபோது அவருக்குப் போட்டி கடிகாரம் மட்டும்தான். 400 மீட்டர் ஓவல், ஒரு நேரத்தில் இரண்டே பேர், ஆளுக்கொரு லேன், முதல் அடியிலிருந்து முழு வேகம். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரம், காற்று மெல்லியது, அதனால் எதிர்க்கிற காற்றும் குறைவு, சாதனைகள் பெரும்பாலும் அங்கேயும் கனடாவின் கால்கரியிலும்தான் விழும். இன்லைனில் 200 மீட்டர் டிராக், எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஒன்றாகக் கிளம்புவார்கள். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்க வேண்டும், பின்னால் இருப்பவன் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு சொகுசாக வருவான். அதனால் முதல் ஒன்றிரண்டு லேப்பில் முன்னால் போக யாருக்கும் ஆசை இருக்காது. கல்யாணப் பந்தியில் முதல் ஆளாக உட்காரத் தயங்குகிற மாதிரி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். அப்புறம் கடைசி இரண்டு லேப் வெறியாட்டம். அங்கே நேரத்தைப் பார்க்காதீர்கள், யார் எந்த வளைவில் எந்தப் பக்கம் நுழைந்தார் என்று பாருங்கள்.

கேள்வி (தாம்பரம்): பனி ஓட்டத்தில் 'டப் டப்' என்று சத்தம் வருகிறதே?

பிளேடு ஷூவின் முன்பக்கத்தில் மட்டும் கீல் வைத்துப் பூட்டியிருக்கும். குதிகாலைத் தூக்கினாலும் பிளேடு பனியை விடாது, தள்ளுகிற நேரம் கூடும். திரும்ப ஒட்டும்போது வருகிற சத்தம் அது. 1998 நகானோ ஒலிம்பிக்கில் எல்லோரும் இதற்கு மாறிவிட்டார்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): பனி ஓட்டத்தில் இரண்டு பேரும் நடுவில் லேன் மாறுகிறார்களே, மோதிக்கொள்ள மாட்டார்களா?

உள் லேன் வளைவு சின்னது, வெளி லேன் பெரிது. மாறாவிட்டால் வெளியே இருப்பவர் அதிக தூரம் ஓட வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்பக்க நேர்கோட்டில் மாறுவார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் வெளியிலிருந்து உள்ளே வருகிறவருக்குத்தான் வழி. மோதல் அபூர்வம். ஆனால் மறதி உண்டு. 2010 வான்கூவரில் 10,000 மீட்டர், நெதர்லாந்தின் ஸ்வென் கிராமர் யாரும் நெருங்க முடியாத ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தார். நடுவில் கோச் பதற்றத்தில் தப்பான லேனைக் காட்ட, அவரும் அப்படியே நுழைந்துவிட்டார். கொரியாவின் லீ சியுங்-ஹூனைவிட நாலு வினாடி முன்னால் முடித்துவிட்டுக் கையைத் தூக்கினார், அப்போதுதான் தகுதி நீக்கம் என்று தெரிந்தது. தங்கம் லீக்குப் போனது. நான் கோச் ஆன பிறகு அந்த வீடியோவைத் திரும்பப் பார்க்கும்போது கிராமரைவிட அந்தக் கோச்சின் முகத்தைத்தான் பார்க்கிறேன். ஒருமுறை நானும் ஒரு குழந்தைக்கு "கடைசி லேப்" என்று ஒரு சுற்று முன்னாலேயே கத்தியிருக்கிறேன், அவள் கோட்டைத் தாண்டி நின்றே விட்டாள்.

கேள்வி (குரோம்பேட்டை): பனி ஆல்ரவுண்ட் சாம்பியன்ஷிப்பில் பாயிண்ட் குறைவாக இருப்பவர் ஜெயிக்கிறார், தலைகால் புரியவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆண்களுக்கு 500, 1500, 5000, 10,000 என நாலு ஓட்டம். எல்லாவற்றையும் 500 மீட்டருக்குச் சராசரி எத்தனை வினாடி என்று மாற்றுவார்கள். 500-ன் நேரம் அப்படியே, 1500-ஐ மூன்றால், 5000-ஐப் பத்தால், 10,000-ஐ இருபதால் வகுக்க வேண்டும். சும்மா ஒரு உதாரணம்: ஒருவர் 36.50 வினாடி, 1:45.00, 6:15.00, 13:00.00 ஓடினால், 36.5 கூட்டல் 35 கூட்டல் 37.5 கூட்டல் 39, மொத்தம் 148. நேரம்தானே பாயிண்ட், அதனால் குறைவாக இருப்பவர்தான் சாம்பியன். இதன் அழகு என்னவென்றால் 500-ல் ஒரு வினாடி பிந்தினால் 10,000-ல் இருபது வினாடி முந்தித்தான் அதை ஈடுகட்ட முடியும். பழைய காலத்தில் இது இல்லை. 1893-ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டியில் யாப் ஏடன் ஜெயித்தபோது, மூன்று தூரத்திலாவது முதலிடம் வந்தால்தான் பட்டம். அடுத்த வருடமே அப்படி யாரும் வரவில்லை, பட்டம் யாருக்கும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்!

கேள்வி (திருவான்மியூர்): ஆசிய விளையாட்டில் கையைத் தூக்கித் தங்கத்தை விட்டாராமே ஒரு கொரியர்?

அது சீனாவின் ஹாங்சோ, 2023 அக்டோபர், சக்கரத்தில் ஆண்கள் 3000 மீட்டர் ரிலே. கொரியாவின் ஜங் சியோல்-வோன் கோட்டுக்கு முன்னாலேயே நிமிர்ந்து கையைத் தூக்கிவிட்டார், பின்னால் வந்த தைவான் வீரர் ஹுவாங் யூ-லின் குனிந்தபடியே காலை நீட்டினார். வித்தியாசம் 0.01 வினாடி. கொரியாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கினால் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு உண்டு, அதுவும் சேர்ந்து போச்சு. உலகமே இதைப் பேசியதில் ஒன்று மறந்துபோனது, அதே ஓட்டத்தில் வெண்கலம் நமக்கு, அந்த அணியில் ஆனந்த்குமாரும் இருந்தார். அன்றைக்கே பெண்கள் ரிலேயிலும் வெண்கலம், அதில் நம் ஆரத்தி கஸ்தூரி ராஜ். எங்கள் ரிங்கில் இப்போது கோட்டுக்கு முன்னால் யார் கையைத் தூக்கினாலும் ஐந்து லேப் கூடுதல்.

கேள்வி (அம்பத்தூர்): என் மகள் இன்லைனில் நன்றாக ஓடுகிறாள், வயது 12. ஒலிம்பிக் போக வழி உண்டா மேடம்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். சக்கர வேக ஓட்டம் ஒலிம்பிக்கில் இல்லை, 2018-ல் புவெனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் இருந்ததோடு சரி. ஆனால் சக்கரத்திலிருந்து பனிக்கு மாறி ஜெயித்தவர்கள் உண்டு. ஃபுளோரிடாவின் எரின் ஜாக்சன் அங்கே இன்லைன் ஓடி வளர்ந்தவர், 2022 பெய்ஜிங்கில் பனியில் 500 மீட்டர் தங்கம். தேர்வு ஓட்டத்தில் அவர் சறுக்கி மூன்றாவதாக வந்தபோது தன் இடத்தை விட்டுக்கொடுத்த பிரிட்டனி போவும் அதே ஊர், அதே இன்லைன். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் இன்லைனில் பெரிய பெயர், அவரும் அதே ஒலிம்பிக்கில் மாஸ் ஸ்டார்ட், அதாவது எல்லோரும் ஒன்றாகக் கிளம்புகிற ஓட்டத்தில், தங்கம். குனிந்து உட்காருகிற நிலை, பக்கவாட்டில் தள்ளுவது, வளைவில் காலைக் குறுக்கே வைப்பது எல்லாம் ஒன்றுதான், அதனால் முடிகிறது. நம் சிக்கல் பனி. சென்னை வெயிலில் 400 மீட்டர் ஓவல் கனவுதான், வெளிநாட்டில் போய் மாதக்கணக்கில் தங்க வேண்டும், செலவு சாதாரணம் இல்லை. 12 வயதில் அந்தக் கவலை வேண்டாம். இப்போதைக்கு இடுப்பை இன்னும் கீழே இறக்கச் சொல்லுங்கள், பாதிப் பிள்ளைகள் களைத்ததும் நிமிர்ந்துவிடுகிறார்கள்.

கேள்வி (கொளத்தூர்): அக்கா, எனக்கு 38 வயது, மகனைக் கூட்டிவந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நானும் கற்றுக்கலாமா?

தாராளமாக. மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் கார்டு, ஹெல்மெட், முதல் வாரம் விழக் கற்றுக்கொள்வது மட்டும். மகன் சிரிப்பான், சிரிக்கட்டும். மழை பெய்த மறுநாள் மட்டும் வராதீர்கள், டிராக் காயாமல் வழுக்கும்.