தூணை எடுத்துவிட்டால் யாளி எங்கே நிற்கும்?

கேள்வி: சிறுவர் கதைப் புத்தக அட்டைக்காக யானைமுக யாளி ஒன்று வரைகிறேன். காட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வரும் காட்சி. கோயில் தூணைப் பார்த்துத்தான் வரைந்தேன். ஆனாலும் சிங்க உடம்பில் யானைத் தலையை ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. வேலை வாங்கித் தந்தவர், 3,000 ரூபாய்க்கு ‘யாளி ரெஃபரன்ஸ் பேக்’ (பார்த்து வரைவதற்கான படத்தொகுப்பு) வாங்கினால் சரியாகும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஸ்கெட்சைப் பார்த்தேன். பிதுங்கிய கண், சுருள் மயிர் எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன. தூணைத்தான் விட்டுவிட்டீர்கள்.

மதுரை புதுமண்டபத்து யாளி பின்னங்காலில் எழுந்து நிற்கிறதே, அதன் முதுகும் தூணும் ஒரே கல். பாரமெல்லாம் தூணில் இறங்கிவிடுகிறது. அதனால் சிற்பிக்குக் கழுத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அதே யாளியைப் பெயர்த்துக் காட்டில் விட்டால் அவ்வளவு பெரிய தலையை எது தாங்கும்?

யானைக்குக் கழுத்து குட்டை. தரைக்கு எட்டாத குறையைத் தும்பிக்கை தீர்க்கிறது. சிங்கத்தின் கழுத்து நீளம், நன்றாக வளையும். நீங்கள் சிங்கக் கழுத்தின் நுனியில் யானைத் தலையைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். கழுத்தைப் பாதியாகக் குறையுங்கள். தோள்பட்டையை முதுகுக்கோட்டுக்கு மேலே, காளைக்குத் திமில் இருக்கும் இடத்தில், ஒரு மேடாக எழுப்புங்கள். சிங்கத்தின் தோள்பட்டை எலும்பு மார்புக்கூட்டோடு பூட்டப்படாமல் தசையில்தான் தொங்குகிறது. ஆகவே பாயும்போது அந்த மேடு எழுந்தால் கண் நம்பும். தும்பிக்கையை நீட்டாமல் மார்புப் பக்கம் சுருட்டினால் பாரம் பின்னுக்கு வரும். அப்புறம் உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். தலை எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் ஒட்டு இன்னும் போகவில்லை. பிடரிமயிர் கடைசியில்தான். முதலிலேயே மயிரைக் குவித்து ஒட்டை மறைக்கப் பார்ப்பது எல்லாரும் செய்கிற தப்பு.

எல்லாத் தூணிலும் அப்படியா என்று கேட்பீர்கள். இல்லை. மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்திலும் காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலிலும் தூணுக்கு அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கும். பல்லவர் வேலை. அங்கே கணக்கு தலைகீழ்: தூண்தான் சிங்கத்தின் மேல் ஏறியிருக்கிறது. மார்பு நிமிர்ந்து, முன்னங்கால்கள் கம்பம் போல் நேரே இறங்கும். புதையல் காக்கும் யாளி, வாசலில் காவலிருக்கும் யாளி என்றால் அதைவிட நல்ல மாதிரி கிடையாது. பாய்ச்சலுக்கு அதைப் பார்த்து வரைந்தால் உங்கள் யாளி பாயாது, அட்டையில் உட்கார்ந்தே இருக்கும்.

இனி அந்தப் பேக். இப்படி ஒன்றை நானும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். பாதி, இணையத்தில் சும்மா கிடைக்கும் படங்கள். மீதி ஏஐ துப்பியவை. ஒரு யாளிக்கு வலது முன்னங்காலில் இரண்டு முழங்கை! வேலை வாங்கித் தருகிறவரே சரக்கும் விற்றால், உங்கள் கூலியில் அவர் எடுக்கும் இரண்டாவது கமிஷன் அது. அடுத்து ‘எல்லா உரிமையும் நிரந்தரமாக’ என்று ஒரு தாளை நீட்டுவார். கையெழுத்துப் போடுவதற்கு முன் எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்று எழுதச் சொல்லுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக்கொடுக்கும் தாளில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். இது தெரிந்துதான் ‘நிரந்தரமாக’ என்பதை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருப்பார்கள்.

ரெஃபரன்ஸ் வேண்டுமென்றால் நேரில் போங்கள். கோயிலுக்குள் போன் கூடாது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை செய்யச் சொன்னது. சரி, சாமி கும்பிட வந்தவர்களுக்கு நிம்மதி. ஆனால் பென்சிலும் நோட்டும் எடுத்ததற்கே ஒரு கோயிலில் என்னிடம் கடிதம் கேட்டார்கள். யார் பெயருக்கு எழுதுவது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை! தொல்லியல் துறை வசமிருக்கும் இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் சாளுவன்குப்பம் புலிக்குகைக்குச் சாய்வெயில் நேரத்தில் போங்கள். குகை வாயைச் சுற்றி வரிசையாக யாளித் தலைகள். வாயோரம் மடியும் தசையை மட்டும் நாலு பக்கம் வரைந்துவிட்டு, அப்புறம் அட்டைப் படத்தைத் தொடுங்கள்.