1729, 6174 தவிர உங்களுக்கு மிகவும் பிடித்த முழு எண் எது? ஏன்?

945.

சும்மா பார்த்தால் விசேஷமாக எதுவும் தெரியாது. ஆனால் ஒற்றை எண்களில் முதல் மிகையெண் இதுதான்.

ஒரு எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். 10-க்கு 1+2+5 = 8, எண்ணைவிடக் குறைவு; அது குறைவெண். 6-க்கு 1+2+3 = 6, சரியாக வந்துவிட்டது; நிறைவெண். 12-க்கு 1+2+3+4+6 = 16, தாண்டிவிட்டது; மிகையெண். இந்த மிகையெண்களை 12, 18, 20, 24, 30 என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனால் முதல் 231 எண்களும் இரட்டைதான். ஒற்றை எண்ணால் இது முடியவே முடியாது என்று நம்பிவிடத் தோன்றும். 232-ஆவதாக 945 வருகிறது. அதன் காரணிகளின் கூட்டல் 975.

ஏன் இவ்வளவு தாமதம்? இதைப் பேனாவும் தாளும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம், எனக்கு இந்த எண் பிடிக்க அதுவே பெரிய காரணம். ஒற்றை எண்ணுக்கு 2 காரணியாக வராது. அதனால் பாதி, கால் போன்ற பெரிய காரணிகள் எதுவும் கிடைக்காது. இரண்டே பகா எண்களால் ஆன ஒற்றை எண் என்றால், அந்த எண்ணையும் சேர்த்துக் கூட்டினாலும் கூட்டல் அதன் 15/8 மடங்கைத் தொடாது. மிகையெண்ணாக 2 மடங்கைத் தாண்ட வேண்டுமே! ஆக, குறைந்தது மூன்று பகா எண்கள் வேண்டும். 3, 5, 7 எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 105. பழையபடி எண்ணை விட்டுவிட்டுக் கூட்டினால் 87தான். இன்னொரு 3-ஆல் பெருக்கினால் 315. கூட்டல் 309, வெறும் 6 குறைகிறது. மறுபடியும் ஒரு 3-ஆல் பெருக்கினால் 945, எல்லைக்கோட்டைத் தாண்டி 30 அதிகம். 3, 5, 7, 11 நான்கையும் பெருக்கி வரும் 1155-ஐயும் பாருங்கள். அதுவும் அதே 6-இல் தவறுகிறது!

இப்படிக் கொஞ்சம் குறைந்தும் கொஞ்சம் கூடியும் போகிற ஒற்றை எண்கள் ஏராளம். சரியாகக் கோட்டின் மேலேயே நிற்கும் ஒற்றை நிறைவெண் ஒன்றைக்கூட இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒன்று கிடையாது என்றும் நிரூபிக்கவில்லை. இருந்தால் அதற்கு 1500 இலக்கங்களுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது வரை 2012-இல் நிரூபித்துவிட்டார்கள்.

945 வேறு இடங்களிலும் எட்டிப் பார்க்கும். பத்துப் பேரை ஐந்து ஜோடிகளாகப் பிரிக்க எத்தனை வழி? முதல் ஆளுக்குத் துணை 9 பேரில் ஒருவர், மிச்சமிருப்பவர்களில் அடுத்தவருக்கு 7 பேரில் ஒருவர், அப்புறம் 5, 3, 1. பெருக்கினால் 945.

அதைவிட அழகானது கணித மேதை ஆய்லர் 1735-இல் கண்டது. 1 + 1/64 + 1/729 + 1/4096 என்று எல்லா எண்களின் ஆறாம் அடுக்குகளையும் தலைகீழாக்கி முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால், விடை பையின் (π) ஆறாம் அடுக்கை 945-ஆல் வகுத்தது. எட்டாம் அடுக்குகளுக்கு இதையே செய்தால் பையின் எட்டாம் அடுக்கு வரும், வகுக்கும் எண் 9450.