நாலு பிள்ளை, நூறு ஏக்கர்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க விவசாயிகள் கும்பல் கும்பலாக மேற்கே போனது தங்கத்துக்காகத்தானே? சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

பதில்: கலிஃபோர்னியாவில் தங்கம் தட்டுப்பட்டது 1848-இல். அதைத் தேடி ஓடியவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். அதற்கு முப்பது, நாற்பது வருடம் முன்பிருந்தே குடும்பங்கள் கலப்பையையும் விதையையும் கட்டிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு கிளம்பிவிட்டன. என்னைக் கேட்டால், முதல் காரணம் பாகப்பிரிவினை.

வடகிழக்கிலுள்ள வெர்மாண்டில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் நூறு ஏக்கர், நாலு ஆண்பிள்ளைகள். பிரித்தால் ஆளுக்கு இருபத்தைந்து. அதிலும் காடும் மேய்ச்சலும் போக உழுவதற்கு எவ்வளவு மிஞ்சும்? மண்ணோ, கல் விளைகிற மண். குளிர்காலத்தில் நிலம் உறைந்து உப்பும்போது அடியில் கிடக்கும் கற்கள் மேலே வந்துவிடும். போன வருடம் பொறுக்கிய அதே வயலில் இந்த வசந்தத்திலும் குனிந்து பொறுக்க வேண்டும். பொறுக்கியதை ஓரத்தில் அடுக்கி அடுக்கியே சுவராக்கிவிட்டார்கள். அந்தச் சுவர்கள் இன்றும் நடுக்காட்டில் ஓடுகின்றன. படத்தில் பார்ப்பவர்கள் அழகு என்கிறார்கள், எனக்கு இடுப்பு வலிக்கிறது.

இந்த லட்சணத்தில் வந்தது 1816. முந்தைய வருடம் இந்தோனேசியத் தீவு ஒன்றில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, வெர்மாண்டையும் சேர்த்து நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் வடகிழக்கு மாநிலங்களில் ஜூன் மாதத்தில் பனி கொட்டியது. ஜூலை, ஆகஸ்டிலும் உறைபனி விழுந்து மக்காச்சோளம் கருகியது. யோசித்துக்கொண்டிருந்த பலர் அதற்கப்புறம் யோசிக்கவில்லை. மேற்கே ஓஹையோ பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

1825-இல் மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் 363 மைல் நீள ஈரி கால்வாய் திறந்ததும் வேடிக்கை ஒன்று நடந்தது. மேற்கே போன அண்ணன் விளைவித்த கோதுமை படகேறிக் கிழக்கே வந்து, ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியின் கோதுமை விலையை உடைத்தது. தம்பி செம்மறி ஆட்டுக்கு மாறினான். ஆட்டுக்கு மேய்ச்சல் நிலம் அதிகம் வேண்டும் என்பதால், வசதியுள்ளவர் பக்கத்துச் சிறு பண்ணைகளை விலைக்கு வாங்கினார். 1840 வாக்கில் வெர்மாண்டில் ஒரு மனிதருக்கு ஐந்து ஆடுகளுக்கும் மேல்! விற்றவர் கையில் கொஞ்சம் பணம். அந்தப் பணத்துக்கு மேற்கே என்ன கிடைத்தது என்பதுதான் விஷயம். 1820-ஆம் வருடச் சட்டப்படி அரசு நிலம் ஏக்கர் ஒன்றே கால் டாலர், குறைந்தது எண்பது ஏக்கர். ஆக, நூறு டாலர் இருந்தால் ஒரு மகனுக்கு வழி பிறந்தது.

கல்லே இல்லாத இல்லினாய் கரிசலிலும் தொல்லை இல்லாமல் இல்லை. பசை மாதிரி ஒட்டுகிற மண். வார்ப்பிரும்புக் கொழுவில் அப்பிக்கொள்ளும், நாலு அடிக்கு ஒரு தரம் நிறுத்திச் சுரண்ட வேண்டும். 1837-இல் ஒரு கொல்லர் உடைந்த ரம்பத் தகட்டில் வழவழப்பான கொழு செய்தார், மண் தானாக வழுக்கி விழுந்தது. அவர் பெயர் ஜான் டியர். அவரும் வெர்மாண்டில் கடன்பட்டு மேற்கே வந்தவர்தான்.

கேள்வி: 1862-இல் நிலத்தை இலவசமாகவே கொடுத்தார்களாமே, ஏழைகள் எல்லோரும் போயிருக்கலாமே?

பதில்: 160 ஏக்கர். பதிவுக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் பட்டா. சரி, எருது? கலப்பை? முதல் அறுவடை வரை சாப்பாடு? ஆலைத் தொழிலாளியிடம் அதற்கெல்லாம் காசு ஏது? போனவர்களில் பலர் பரம ஏழைகள் அல்ல, ஏழையாகிவிடுவோமோ என்று பயந்தவர்கள்.

இன்னொன்று, அந்த நிலம் காலியாகக் கிடக்கவில்லை. பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்ப 1830-இலேயே சட்டம் போட்டார்கள். மேற்குக் கடற்கரையிலுள்ள ஆரெகனில் 1850-ஆம் வருடச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் முடியும் முன்பே அவர்கள் நிலத்தைக் குடியேறிகளுக்குப் பங்கு போட்டது. தம்பதிக்கு 640 ஏக்கர், பாதி மனைவி பெயரில். அந்தக் காலத்தில் மனைவி பெயரில் நிலம் என்பது அபூர்வம். ஆனால் விளைவைப் பாருங்கள்: அந்தக் கூடுதல் பாதிக்காகவே பதின்ம வயதுச் சிறுமிகளை அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: போனவர்கள் யாரும் திரும்பவில்லையா?

பதில்: திரும்பினார்கள். 1874-இல் கான்சாஸில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியது. செடிகளைக் காப்பாற்றப் பெண்கள் போர்த்திய துணியையும் தின்றது. வியர்வை உப்பு ஏறியிருந்த மண்வெட்டிப் பிடியைக்கூட அரித்தது. அந்த வருடம் கான்சாஸிலிருந்து பல வண்டிகள் கிழக்கே திரும்பின.